கரும்புக் கொல்லையின் நாலாவது பக்கம்

டேய், நேத்து நீ ஃபோனை வெச்ச வேகத்துல எனக்குக் காதே அடைச்சுப்போச்சு. "அம்மா, ஒரு ஆளுக்காக ஆராய்ச்சி முறையை மாத்த முடியாது, உனக்கு இதெல்லாம் புரியாது"ன்னு சொல்லிட்டு, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வெச்சிட்ட. புரியாதாம்! பாகூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் தூளைத் தின்னு தின்னே காலம் தள்ளின அறிவியல் டீச்சருக்குப் புரியாதாம். சரி போ. ஃபோன்ல பேசினா நீ குறுக்கே பேசுவ. கடுதாசின்னா கடைசி வரைக்கும் நான்தான் பேசுவேன், நீ கேட்டுத்தான் ஆவணும். அதான் உக்காந்துட்டேன். உங்கப்பா எட்டிப் பாத்துட்டு "இன்னாடி, புள்ளைக்கு வக்கீல் நோட்டீஸா?"ன்னு கேக்குறாரு. அப்படித்தான் வெச்சுக்கோயேன்.

விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். அமலா. போன வருஷம் நம்ம கொல்லைக்கு நீ கூட்டிக்கிட்டு வந்த பசங்கள்ல, வில்லியனூர் பக்கத்துல இருந்து வந்த ஒல்லிப் பொண்ணு. நேத்து நீயே சொன்ன மாதிரி, நீ எழுதி முடிச்சிருக்கிற தீசிஸ்ல அவளைக் 'கலந்துகொள்ளாதவர்'னு அட்டவணையில ஒரு கட்டத்துல போட்டிருக்க. இந்த மாசக் கடைசியில அதை அப்படியே அனுப்பப் போற. அனுப்பக் கூடாதுன்னு நான் சொல்றேன். ஏன்னு சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

உன் வேலை மேல எனக்கு மரியாதை இல்லன்னு நெனச்சுடாத. மவன் இன்னா பண்றான்னு ஊர்ல கேட்டா, உங்கப்பா "காலேஜ்ல வாத்தியாரு, லீவு போட்டு பெங்களூர்ல குந்திக்கினு நரி எண்றான்"னு சொல்லிச் சிரிக்கிறாரு. நான்தான் பொறுமையா வெளக்கிச் சொல்றேன்: விலங்கியல் படிக்கிற பசங்களை வகுப்புல அடைச்சு வெச்சுப் பாடம் நடத்தினா எவ்வளவு ஏறுது, அதே பசங்க ஏரியிலயும் கொல்லையிலயும் எறங்கி, ஊரு சனங்களோட சேர்ந்து காட்டு ஜீவன்களைப் பாத்துப் பதிவு பண்ணினா எவ்வளவு ஏறுது, அதைத்தான் எம்புள்ள பாக்குறான்னு. சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிருது, அது பொய்யில்ல. நம்ம ஊரு பிராக்டிகல் லட்சணம் எனக்குத் தெரியாததா? விடையை மொதல்ல எழுதிட்டு ரீடிங்கைப் பின்னாடி தயார் பண்ற ஊரு இது. அதுல இருந்து பசங்களை வெளிய இழுத்துட்டு வரணும்னு நீ கெளம்பின பாரு, அன்னைக்கே நான் பாதி சந்தோஷத்துல செத்தேன்.

கரும்பு வெட்டுல நின்னு பாக்கலாம்ங்கிற யோசனையே நம்ம வூட்டுச் சாப்பாட்டுல பொறந்ததுதான். நீ ரசத்தை ஊத்திக்கிட்டே, "பசங்களுக்கு ஏரியில பறவை காட்டிட்டேன், நாலு கால் ஜீவன் காட்ட எடம் கெடைக்கலியேம்மா"ன்ன. உங்கப்பா சொன்னாரு, கரும்பை ஓரத்துல இருந்து வெட்டிக்கினே போனா உள்ள இருக்கிறதெல்லாம் நடுவுக்கு ஒதுங்கும், கடைசியா ஒரு துண்டு நிக்கும்போது கீரி, முயலு, உடும்பு, காட்டுப்பூனை எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும்னு. ஒனக்கு மூஞ்சியில பல்பு எரிஞ்சதை நான் பாத்தேன். அடுத்த பங்குனியில வெட்டச் சொல்லி ஆலையில இருந்து கட்டிங் ஆர்டர் வந்ததும் ஒரு வேன் நெறைய புள்ளைங்களோட வந்து எறங்கிட்ட.

அன்னைக்கு நடந்ததை மறுபடி நெனச்சுப் பாரு, ஏன்னா நீ படத்தை மட்டும்தான் நெனவுல வெச்சிருக்க. நம்ம கொல்லையில கடைசித் துண்டை வெட்டும்போது வாய்க்கால் பக்கம் ஆளை நிறுத்தறதே கெடையாது. இதை யாரும் பலகையில எழுதி வெக்கல, வழக்கம். மூணு பக்கம் வெட்டுவாங்க, வாய்க்கால் பக்கம் காலியா கெடக்கும், உள்ள இருக்கிறது அந்தப் பக்கமா எறங்கிக் கோரைக்குள்ள போயிடும். ஆனா அன்னைக்கு காலேஜ்ல இருந்து விருந்தாளி வந்திருக்கே! நான் பட்டுப்பொடவை கட்டாத கொறைதான். உங்கப்பா வெள்ளை வேட்டி. எல்லாப் புள்ளைங்களுக்கும் நல்லாப் பாக்கற மாதிரி எடம் குடுக்கணும்னு நாமளே ஓடி ஓடி நாலு பக்கமும் நிறுத்தி வெச்சோம். மேஸ்திரி ஏழுமலை கூட, "டீச்சரம்மா, புள்ளைங்களுக்கு வெயிலு ஏறுது, அந்தாண்ட நெழலு இருக்குது"ன்னு ஆளுக்கு எடம் காட்டினாரு. வூட்டுக்கு வந்தவங்களை நல்லா கவனிக்கணும்ங்கிற அவசரத்துல, உள்ள ஒரு குடும்பம் மாட்டிக்கிட்டு நிக்கிறதை ஒருத்தரும் நெனைக்கல. வாய்க்கால் பக்கம் முள்ளும் சேறும், யாரும் போவ மாட்டேன்னாங்க. அமலாதான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனா.

அப்புறம்தான் அந்தக் கூச்சல். வடக்குப் பக்கம் ஒரு குட்டி வழி தெரியாம வெளிய ஓடி வந்துருச்சு. "புலிக்குட்டிடோய்!"னு ஒருத்தன் கத்த, வெட்டுற ஆளுங்க அரிவாளைப் போட்டுட்டு ஓட, ஒரு பையன் அதைத் துண்டுல சுருட்டித் தூக்கி நெஞ்சோட வெச்சுப் படம் எடுத்தான். நீ பாஞ்சு போய் அவனைத் திட்டி, அது காட்டுப்பூனைக் குட்டி, தாய் பக்கத்துலதான் இருக்கும், தொடாதேன்னு சொல்லி, துண்டோட வாங்கிட்டுப் போய் வாய்க்கால் கரைப் பொதருல வுட்ட பாரு, அந்த நிமிஷம் நீ என் புள்ளைன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. சாயங்காலம் நான் போய்ப் பாத்தேன். குட்டி அங்க இல்ல. தாய் கொண்டு போச்சா, நாய் கொண்டு போச்சா, தெரியல. அதை உன்கிட்ட அன்னைக்குச் சொல்லல, உனக்குச் சோறு எறங்காதுன்னு.

ஆனா இன்னொண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா? எல்லாரும் வடக்குப் பக்கம் குமிஞ்சு நின்ன நேரத்துல, நான் டீ தூக்குவாளியோட மோட்டார் கொட்டகைகிட்ட வந்துக்கிட்டு இருந்தேன். வாய்க்கால் பக்கம் ஒரு ஆளும் இல்ல. அந்தத் தாய்ப்பூனை வாயில ஒரு குட்டியைக் கவ்விக்கிட்டு, தலையைத் தாழ்த்தி, காஞ்ச கரும்புச் சோகைக்குள்ள இருந்து வந்து கோரைக்குள்ள போச்சு. ஐயோ, எம்மாம் அழகு அது! நான் டீயைக் கூட கீழ வெக்காம நின்னேன். திரும்பி வந்து இன்னொண்ணைக் கவ்விட்டுப் போச்சு. ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். நீ "படம் இருக்காம்மா?"ன்ன. என் கையில தூக்குவாளிடா இருந்துச்சு. "அப்ப அது பதிவு இல்லம்மா"ன்னுட்டு அப்பளம் கேட்ட. அமலாவைப் பத்தியும் நீயேதான் பேச்செடுத்த. நிக்கச் சொன்ன எடத்தை வுட்டுட்டு மதகுக்கு அந்தாண்ட போய் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, பாத்ததை நிரப்பி அனுப்பச் சொல்லி ஃபோன்ல நீ குடுத்த படிவத்துல 'எதுவும் இல்லை'ன்னு அனுப்பியிருக்கா, களத்துல கவனமே இல்லன்னு. வெயில்ல மயக்கமா இருந்திருக்கும் பாவம்னு நான் நெனச்சுக்கிட்டேன். அவ்வளவுதான், அதோட மறந்துட்டோம்.

போன வாரம் கண்ணாடி மாத்த வில்லியனூர் போனேன். பஸ் ஸ்டாப்புல அவ நிக்கிறா. அவதான் வந்து "டீச்சர், நல்லாருக்கீங்களா"ன்னு கையைப் புடிச்சா. ரெண்டு பேரும் பக்கத்துல கரும்பு ஜூஸ் குடிச்சோம். கொல்லையில கரும்பை வெச்சுக்கிட்டு காசு குடுத்து ஜூஸ் குடிக்கிற ஒரே பொம்பளை நான்தான்னு சொன்னேன், சிரிச்சா. "இன்னாடி, இந்த வருஷம் வெட்டுக்கு உங்க செட்டு வரலியா?"ன்னேன். சிரிப்பு போயிடுச்சு. நீ லீவுல போறதுக்கு முன்னாடியே கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை உன்கிட்ட பண்ணணும்னு கேட்டாளாம், களத்துக்கு ஒத்து வர மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டியாம். இப்ப வேற சார்கிட்ட மீன் வளர்ப்பு எடுத்திருக்காளாம். "மீனும் நல்லாத்தான் இருக்குது டீச்சர்"னு சொல்லிட்டு ரோட்டைப் பாத்தா. அந்தச் சொல்லு எனக்குத் தாங்கல.

நான் சும்மா வுடுவேனா? "அன்னைக்கு ஏன்டி எழுந்து போன?"ன்னு கேட்டேன். அவ சொன்னதை அவ சொன்ன மாதிரியே எழுதுறேன். "சோகை அசைஞ்சுது டீச்சர். ஒரு மூஞ்சி வெளிய வந்துது. வாயில குட்டி. என்னைப் பாத்துட்டு உள்ள போயிடுச்சு. நான் மூச்சு கூட வுடல. கொஞ்ச நேரம் போச்சு, மறுபடி அதே எடத்துல வந்துது, மறுபடி என்னைப் பாத்துது, உள்ள போயிடுச்சு. வெட்டுற சத்தத்துக்குப் பயப்படுதோன்னு மொதல்ல நெனச்சேன். ஆனா சத்தம் நின்னப்பவும் அதேதான். அப்ப நான்தானே காரணம்? சந்தேகமா இருந்துச்சு, கொஞ்சம் தள்ளிப் போய் குந்திக்கினேன். பாதி தூரம் வந்துது. இன்னும் தள்ளிப் போனேன், இன்னும் கொஞ்சம் வந்துது. அப்புறம் எழுந்து மதகுக்கு அந்தாண்டயே போயிட்டேன்."

"திரும்பிப் பாக்கவே இல்லியாடி? பாத்திருந்தா வந்துச்சான்னு தெரிஞ்சிருக்குமே?"ன்னேன்.

"பாத்தா ஃபோனை எடுத்திருப்பேன் டீச்சர்"னா.

டேய், நான் ஜூஸ் கிளாஸைக் கீழ வெச்சுட்டேன். வந்துச்சுடி, நான் பாத்தேன், ரெண்டு குட்டியோட போச்சுடின்னு சொன்னேன். ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணுக்கு அன்னைக்குத்தான் தெரியுது. நடு ரோட்டுல கண்ணைத் தொடச்சுக்கிட்டு நிக்கிறா, பஸ் போயிடுச்சு. சார்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு, "ஃபோன் படிவத்துல கேட்டது இன்னா பாத்த, எத்தினி, படம் எங்கன்னுதான். நான் பண்ணதை அதுல எங்க டீச்சர் எழுதறது?"ன்னா. குத்தம் சொல்ற தொனியே இல்ல. நெஜமாவே எங்க எழுதறதுன்னு கேக்குறா.

இப்ப வாத்தியாரா யோசி, கோவத்தை ஓரமா வெச்சுட்டு. கண்ணால பாத்தா. ஒரு காரணம் நெனச்சா, அது தப்புன்னு தெரிஞ்சதும் வேற காரணம் நெனச்சா. அதைத் தள்ளித் தள்ளி உக்காந்து சோதிச்சுப் பாத்தா. கடைசியில, பாக்க வந்த நானே பாக்கப்படுறதைக் கெடுக்குறேன்னு கண்டுபுடிச்சா. இதை விட என்னடா அறிவியல் வேணும் உனக்கு? நீ முன்னாடி ஒரு கேள்வித்தாள், பின்னாடி ஒரு கேள்வித்தாள், நடுவுல ஏத்தின படம் எத்தனைன்னு வெச்சு அளந்த. குட்டியைத் தூக்கி நெஞ்சோட வெச்சுப் படம் எடுத்த பையன் உன் பட்டியல்ல மேல இருக்கான். நீயே காட்டினியே, "இவனுக்கு ஆர்வம் ஜாஸ்தி"ன்னு. அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல, வயசு அப்படி, தயிர்சாதம் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், நல்ல புள்ளை. ஆனா தூக்கினவன் கலந்துகிட்டவன், வழி வுட்டவ கலந்துக்காதவன்னு எழுதினா, அது எந்த ஊரு நியாயம்?

உனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்காது, ரொம்பச் சின்னப் புள்ளை நீ. வில்லியனூர்த் தேர் பாக்கக் கூட்டிட்டுப் போனோம். வெயில்ல நீ மயங்கி வுழுந்துட்ட. உங்கப்பா கையில இருந்து நழுவிட்ட. ஒரு நிமிஷத்துல உன்னைச் சுத்தி ஒரு கூட்டம். எல்லாரும் நல்லவங்கதான்டா, ஒருத்தர் தண்ணி வெச்சிருக்காரு, ஒருத்தர் விசிறுறாரு, ஒருத்தர் யார் புள்ளைன்னு கத்துறாரு. நான் வெளிய நின்னு "எம்புள்ளை, எம்புள்ளை"ன்னு அடிச்சுக்கிறேன், உள்ள வுட மாட்டேங்குறாங்க! "யம்மா, கூட்டம் போடாத, புள்ளைக்குக் காத்து வுடு"ன்னு என்னையே தள்ளுறாங்க. உங்கப்பா தொண்டை கிழியக் கத்தி ஒரு பக்கமா வழி பண்ணினப்புறம்தான் உன்னைத் தூக்கினேன். வூட்டுக்கு வந்து நீ சொன்னது ஒண்ணுதான்: "ஒரே காலா இருந்துச்சும்மா." பஸ் ஸ்டாப்புல அமலா பேசிக்கிட்டு இருக்கும்போது எனக்கு அந்தச் சொல்லுதான் காதுல கேட்டுச்சு. வூட்டுக்கு வந்து உங்கப்பாகிட்ட சொன்னேன். அவரு எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டாரு.

உன் பயம் எனக்குத் தெரியாம இல்ல. இதை எழுதினா, அப்ப அன்னைக்கு எடுத்த மத்தப் படமெல்லாம் வழியை அடைச்சதால கெடைச்சதுதானேன்னு ஒருத்தர் கேப்பாரு. அப்ப உன் அளவே சரியான்னு இன்னொருத்தர் கேப்பாரு. இத்தனை வருஷம் அலைஞ்சது, தூக்கம் கெட்டது, கல்யாணப் பேச்சையே தள்ளிப் போட்டது எல்லாம் கண்ணு முன்னாடி ஆடும். எனக்கும் அந்தப் பயம் இருக்குதுடா, நான் உன் அம்மா, உன் எதிர் கட்சி இல்ல. கணக்கை மாத்துன்னு நான் சொல்லல. அவளுக்கு மார்க்கு போடுன்னு சொல்லல. எண்ணினது எண்ணினதாவே இருக்கட்டும், வந்த முடிவு வந்ததாவே இருக்கட்டும். அதுக்குக் கீழ ஒரு பக்கம் எழுது. நான் வெச்ச அளவுல சிக்காம ஒரு பொண்ணு கத்துக்கிட்டா, எப்படிக் கத்துக்கிட்டா, நான் ஏன் அதைப் பாக்கலன்னு எழுது. 'கலந்துகொள்ளாதவர்'ங்கிற அந்தச் சொல்லை மட்டும் எடு. நாளைக்கு உன் முறையைப் பாத்து இன்னொரு காலேஜ்ல இன்னொரு வாத்தியாரு படத்தை எண்ணி மார்க்கு போடுவாரு. பசங்க மார்க்குக்காகக் குட்டியைத் தூக்குவாங்க. காட்டு ஜீவனைக் காப்பாத்தக் கத்துக் குடுக்கிறேன்னு கெளம்பின நீ, அதுக்கா வழி காட்டப் போற?

எழுதறதுக்கு முன்னாடி அவகிட்ட நீயே பேசு. நான் அவளை இந்த வெட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "சார் கூப்பிட்டா வரேன் டீச்சர்"னு சொன்னா, அதுவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு. ரோஷக்காரி. எனக்குப் புடிச்சிருக்கு. உனக்குப் பதிலா நான் கூப்பிட மாட்டேன், அதுல மட்டும் என்கிட்ட கெஞ்சாத.

வெட்டு முடியப் போவுது. வாய்க்காலை ஒட்டின கடைசித் துண்டு மட்டும் நிக்குது. நேத்து சாயங்காலம் உள்ள எதுவோ அசையுது, கீரியோ பூனையோ, நான் கிட்டப் போகல. சனிக்கிழமை வரைக்கும் அதைத் தொடாதீங்கன்னு ஏழுமலைகிட்ட சொல்லிட்டேன். உங்கப்பா "வெயில்ல காஞ்சா எடை போவும், ஆலைக்காரன் லாரி உன் புள்ளைக்காக நிக்குமா?"ன்னு கத்தினாரு. கத்திட்டு, சனிக்கிழமைக்கு லாரி சொல்லிட்டு வந்தவரும் அவருதான். அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. அமலாவைக் கூப்பிட்டுட்டு ஏறு. பாகூர்ல எறங்கி, வழக்கம் மாதிரி மோட்டார் கொட்டகை வழியா வாய்க்கால் கரையில குறுக்கே நடந்து வராத. ரோட்டுப் பக்கமா சுத்திக்கிட்டு வா.